வெட்டிய வசனம்

ஹெட்மாஸ்டர் அந்த வார்த்தையை விட்டிருக்கக் கூடாது. எங்களை வாசலோடு அனுப்பிவைப்பதற்காகச் சொன்னதுதான், எனக்குத் தெரியாதா என்ன. "இனிமே ஸ்கூல் பொறுப்புல நாடகம் கிடையாதும்மா. வெளியில முறையா பதிவு பண்ணின ஒரு அமைப்பு இருந்து, டீச்சர், செலவு எல்லாத்தையும் அவங்களே ஏத்துக்கிட்டா, அப்போ ஹாலைத் தர்றதைப் பத்தி யோசிக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து ஒரு காகிதத்தின் மேல் வைத்தார். பேச்சு முடிந்தது, கிளம்புங்கள் என்று அதற்கு அர்த்தம்.

என்னோடு வந்திருந்த டிராமா டீச்சருக்கு முகம் தொங்கிப்போயிற்று. வராந்தாவில் நடக்கும்போது, "அவ்வளவுதான் அக்கா. நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றார்.

"எதுக்கு மூட்டை? பதிவு பண்ணின அமைப்புதானே கேட்டாரு? கொடுத்துட்டாப் போச்சு."

"அவர் கேக்கல அக்கா. உங்களால முடியாதுன்னு சொன்னாரு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

எனக்கு மூக்குமேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். ஊரில் அப்படிச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் ஊருக்கு என் மூக்கைத் தெரியாது, குரலை மட்டும்தான் தெரியும். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை எங்கே கிடக்கிறது என்று ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பவள். பள்ளிக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். டிராமா டீச்சர் முதன்முதலில் என்னைத் தேடி வந்ததே சண்டை போடத்தான். "பையன் செத்து விழற கட்டத்துல, 'இந்த வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்'னு நீங்க சொல்றீங்க. பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க" என்றார். "அப்போ பஸ்ஸையெல்லாம் நிறுத்திடவா?" என்று நானும் எகிறினேன். பாதிச் சண்டையில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கடுத்த நாடகத்திலிருந்து, பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பிள்ளைகளுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது.

அதை லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முழு நாடகமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பிள்ளை வேண்டுமென்றே நிறுத்துகிறதா, மறந்துபோய் நிற்கிறதா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். முன்னதில் வாயைத் திறந்தால் பிள்ளைக்குக் கோபம் வரும், பின்னதில் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளை அழுதுவிடும். கத்தவும் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது. தாழ்ந்த குரலில், தெளிவாக, அடுத்த சில வார்த்தைகள் மட்டும். சரியாகக் கொடுத்தால், மறந்து நிற்பவர் யோசிக்கவே மாட்டார், கிடைத்ததை அப்படியே சொல்லிவிடுவார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் என் மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். சின்ன வகுப்பில் மரமாக நின்றவள். பிறகு கதவாக நின்றாள், காவலாளியாக நின்றாள், ஒரு நாடகத்தில் இடியாக இருந்து திரைக்குப் பின்னால் தகரத்தைத் தட்டினாள். இப்போதுதான் வசனம் உள்ள முதல் வேஷம் கிடைத்திருந்தது. குடிமக்கள் சிரித்தால் வரி போடுகிற ஒரு ராஜாவின் கதை, டீச்சரும் பிள்ளைகளும் சேர்ந்து எழுதியது. என் மகள் வரி வசூலிக்கும் அதிகாரி. திரை விலகியதும் அவள் கம்பைத் தட்டிக்கொண்டு வந்து "யார் சிரிச்சது?" என்று கேட்பாள். ஊரே ஒரே குரலில் "யாருமில்லைங்க ஐயா, காத்துங்க" என்று சொல்லும். வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட அவள் அந்த ஒரு கேள்வியைப் பல விதமாகக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அவளிடம் சொல்ல முடியாது. டீச்சரிடமும் சொல்ல முடியாது. நாடகம் இல்லையென்றால் அந்த வருஷத்தோடு அவருக்கு வேலையும் இல்லை.

ஆகவே சங்கம். சங்கம் வைக்க ஏழு பேர் கையெழுத்து வேண்டும் என்றார் ஆடிட்டர். அவர் மகன்தான் நாடகத்தில் ராஜா. ஆடிட்டர் எதையும் யோசிக்காமல் சொல்ல மாட்டார், யோசித்த பிறகும் பாதிதான் சொல்வார். நான், டீச்சர், ஆடிட்டர், உடைகள் தைத்துக் கொடுக்கும் என் நாத்தனார், மேடைக்கு ஒப்பனை போடும் சலூன்காரர், அவர் மனைவி. ஏழாவதற்கு ஆள் கிடைக்காமல் என் வீட்டுக்காரரைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் பணிமனையில் மெக்கானிக். "படிச்சுப் பார்த்துப் போடுங்க" என்று ஆடிட்டர் சொன்னதற்கு, "கல்யாணம் ஆனதுலேர்ந்து இவ நீட்டின எடத்துல எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார், இன்னைக்கு என்ன புதுசா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சங்கத்தின் நோக்கங்களை எழுதுவதற்கு என் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்தோம். "நாடகம் எங்க நடக்கும்னு ஒரு வரி வேணும். பள்ளி ஹால்னு போட்டுடவா?" என்று கேட்டார் ஆடிட்டர்.

என் மகள் சமையலறை வாசலில் நின்றபடி, "வேண்டாம் மாமா. 'நிற்க இடம் இருக்கும் எந்த இடத்திலும்'னு போடுங்க" என்றாள்.

"சட்டப் பத்திரத்துல அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

"ஏன் மாமா முடியாது?"

ஆடிட்டர் பேனாவை மூடினார், திறந்தார், கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "முடியும்" என்று சொல்லி எழுதினார். பதிவு அலுவலகத்தில் அந்த வரியைப் படித்த அதிகாரி இன்னொரு தடவை படித்தார், எங்களை ஏற இறங்கப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். அலுவலக வாசலில் நின்று அந்தத் தாளை நாத்தனார் தன் கைக்குட்டையால் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

பதிவானால் போதுமா? பெற்றோர் கூட்டத்தில் பள்ளி நிர்வாகக் குழு எங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஹெட்மாஸ்டர் எதிர்த்துப் பேசுவார், அது நிச்சயம். ஏன் எதிர்க்கிறார் என்பதைச் சலூன்காரர்தான் கொண்டுவந்தார். ஹெட்மாஸ்டரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, ஒரு டியூஷன் சென்டர் நடத்துகிறவன். முடி வெட்டிக்கொள்ள வந்தவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வர்ற லீவு முடியறதுக்குள்ள ஸ்கூல் ஹால் என் கைக்கு வந்துடும், மேடையை இடிச்சுட்டு நாலு ரூமா தடுத்துடுவேன், அத்தான் பேசி முடிச்சுட்டாரு" என்று பெருமையடித்திருக்கிறான். சலூன்காரருக்குக் கத்தரி நின்றுவிட்டதாம். மீதித் தலையை வெட்டாமல் அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்றார்.

"இதைக் கூட்டத்துல போட்டு உடைச்சுடுவோம்" என்று நான் எழுந்தேவிட்டேன்.

"உட்காருங்க" என்றார் ஆடிட்டர். "சலூன்ல கேட்டது ஆதாரம் ஆகாது. வாயைத் திறந்தா சங்கத்து மேல கேஸ் போடுவாரு. பொறந்த குழந்தையைக் கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. நம்ம தகுதியைப் பேசுவோம், அது போதும்."

நியாயமான பேச்சுதான், எரிச்சலாக இருந்தாலும். சரி, கூட்டத்தில் யார் என்ன பேசுவது என்று தயார் செய்ய வேண்டும். வேறு ஆட்களாக இருந்தால் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வார்கள். நாங்கள் நாடகக்காரர்கள், ஒத்திகை வைத்தோம். சலூன்காரர் ஹெட்மாஸ்டர். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு, மேஜையில் கண்ணாடிக் குண்டுக்குப் பதிலாக ஒரு தக்காளி. அவர் ஒவ்வொரு எதிர்ப்பாகச் சொல்ல, நாங்கள் பதில் சொல்லிப் பழகுவோம். நான் வழக்கம்போல ஓரமாக நின்று தடுமாறுகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். சலூன்காரர் அப்படியே ஹெட்மாஸ்டரை உரித்து வைத்தார், அந்த நீட்டலும் நிறுத்தலும் உட்பட. "இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஹாலை நான்..." என்று நிறுத்தி, தக்காளியைத் தூக்கி வைத்து, "என் மச்சானோட டியூஷன் சென்டருக்குப் பேசி முடிச்சுட்டேன்" என்றார். எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த வசனம் வரும், ஒவ்வொரு தடவையும் சிரிப்போம். ஒருநாள் சலூன்காரர் அதை மறந்து நின்றபோது நானே எடுத்துக் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு முந்தைய ஒத்திகையில் ஆடிட்டர் கறாராகச் சொன்னார். "அந்த வசனம் வேண்டாம். பழக்கதோஷத்துல யாராவது அங்க சொல்லித் தொலைச்சா முடிஞ்சுது." டீச்சரும் "வெட்டிட்டேன்" என்றார். வெட்டிய வசனத்தைப் பற்றி நடிக்கிறவர்களைக் கேட்டால், போயே போய்விட்டது என்பார்கள். எடுத்துக் கொடுக்கிறவளைக் கேளுங்கள், அது எங்கேயும் போகாது.

கூட்டம் நாடக ஹாலிலேயே நடந்தது. மேடையில் நிர்வாகக் குழு, நடுவில் குழுத் தலைவரான மரக்கடை முதலாளி. முதல் வரிசையில் நாங்கள், எங்களுக்கு நேர் எதிரே மைக். அறிவிப்புக் கூண்டில் எனக்குப் பதிலாக வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆடிட்டர் அழகாகப் பேசினார். டீச்சர் தடுமாறாமல் பேசினார். பெற்றோர்கள் தலையாட்டினார்கள். பிறகு ஹெட்மாஸ்டர் எழுந்து, கையில் தாள் இல்லாமல், எங்களை முதலில் நன்றாகப் புகழ்ந்தார். புகழ்ந்து முடித்ததும், "ஆனா படிப்புன்னு ஒண்ணு இருக்கு. பரீட்சைன்னு ஒண்ணு இருக்கு. அதனாலதான் அந்த ஹாலை நான்..." என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அறிவிப்பு வந்தது. எனக்குப் பதிலாக உட்கார்ந்த பெண் கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசுவாள். எந்த வண்டி, எந்த ஊர் வழி, எந்த நடைமேடை என்று அவள் சொல்லி முடித்து, மறுபடியும் ஒருமுறை சொல்லி முடிக்கும்வரை ஹெட்மாஸ்டர் பொறுமையாக நின்றார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இடைஞ்சல் பழக்கம், வசனத்தைப் பல்லில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவருக்குப் பழக்கமில்லை. அறிவிப்பு ஓய்ந்ததும், "அந்த ஹாலை நான்..." என்று மறுபடி தொடங்கினார். நின்றார். கண் மேலே போயிற்று. உதடு திறந்து மூடியது.

அது வேண்டுமென்று நிறுத்தியது அல்ல. மறந்து நிற்கிற முகம் எனக்குத் தெரியாதா? என் வாய் திறந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் திறக்கவில்லை, அது திறந்துவிட்டது. தாழ்ந்த குரலில், தெளிவாக, "என் மச்சானோட டியூஷன் சென்டருக்கு."

"என் மச்சானோட டியூஷன் சென்டருக்கு..." என்றார் ஹெட்மாஸ்டர், மைக்கில்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சான் எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல், மறுபடியும் உட்கார்ந்தான். உட்காராமல் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. பின்னால் யாரோ, "முழுசா சொல்லுங்க சார், மச்சானுக்கு என்ன?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை. மரக்கடை முதலாளி மேஜையைத் தட்டித் தட்டிக் கை சிவந்துபோனார். கடைசியில் கை தூக்கச் சொன்னார், கைகள் தூக்கப்பட்டன. நாடகத்தை எங்கள் சங்கமே நடத்தும், ஹாலை ஹெட்மாஸ்டர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம்.

வெளியே வந்ததும் ஆடிட்டர் என்னைப் பார்த்தார். "வேணும்னே செஞ்சீங்களா?"

"இல்லை சார். மறந்து நின்னாரு, எடுத்துக் கொடுத்துட்டேன்."

அவர் நம்பவில்லை. யாருமே நம்பவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "இவ தூக்கத்துலயும் எடுத்துக் கொடுப்பா சார், நான் தினம் வாங்கறேன்" என்றார்.

ஒப்பந்தத்துக்குப் போன இடத்தில் ஹெட்மாஸ்டர் கண்ணாடிக் குண்டைத் தொடவேயில்லை. ஒரு தாளை நீட்டினார், தட்டச்சு செய்தது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், நான் அதை மைக்கில் சொல்ல வேண்டும். சொன்ன அடுத்த நிமிஷம் கையெழுத்தும் ஹால் சாவியும். சொல்லாவிட்டால் இரண்டும் கிடையாது. அதில் இருந்தது மூன்று வரி. ஹால் யாருக்கும் பேசி முடிக்கப்படவில்லை. நான் பொய்யை ஜோடித்து ஹெட்மாஸ்டர் வாயில் திணித்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

"குறுக்க பேசினது தப்புதான் சார். அதுக்கு நூறு தடவை மன்னிப்புக் கேக்கறேன். பொய்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"எழுதியிருக்கிறதைச் சொல்லுங்க, போதும்" என்றார்.

அன்று சாயங்காலம் சங்கம் என் வீட்டில் கூடியது. மரக்கடை முதலாளியிடம் போய்ச் சொல்லலாம் என்றார் சலூன்காரர். போய்ப் பார்த்துவிட்டேன், கையெழுத்து ஹெட்மாஸ்டருடையதுதானே, நாங்கள் எப்படிப் பிடித்துப் போட வைப்பது என்று கையை விரித்துவிட்டார் என்றார் ஆடிட்டர். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, மூணு வரிதானே. உதட்டளவுல சொல்லிட்டு வந்துடுங்க. நாளைப்பின்ன மேடையில புள்ளைங்க நிக்கும்போது இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?" டீச்சர்கூட 'சொல்லாதீங்க அக்கா' என்று சொல்லவில்லை. பாவம், எப்படிச் சொல்வார்?

நான் சம்மதித்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். என் ஒருத்தியின் ரோஷத்துக்காக இத்தனை பேர் உழைப்பைக் குப்பையில் போடுவதா என்று தோன்றிற்று. எல்லாரும் போன பிறகு என் மகள் சமையலறையில் வந்து நின்றாள்.

"சொல்லப் போறியா?"

"உனக்காகத்தான்டி."

"எனக்காகன்னா வேண்டாம்."

"வசனம்னு நினைச்சுக்கோ. நீ மேடையில சொல்றதெல்லாம் நிஜமா?"

"நாங்க நடிக்கிறோம்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியும்" என்றாள். "நாளைக்கு நீ சொல்றதை அந்தச் சின்னப் பசங்கல்லாம் நிஜம்னு நினைப்பாங்க."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. காலையில் தலை பின்னிவிடக் கூப்பிட்டதற்கும் தானே பின்னிக்கொண்டு போய்விட்டாள், கோணல்மாணலாக.

பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். ஹெட்மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொடிமேடையில் என் பக்கத்தில் நின்றார், சட்டைப் பையில் சாவி வெளியே தெரியும்படி. மரத்தடியில் எங்கள் சங்கம் முழுவதும் நின்றது. என் மகள் முன்வரிசையில், நாடகப் பிள்ளைகளோடு. நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். மூன்று வரிக்குத் தாள் எதற்கு, நான் முழு நாடகத்தையே மனப்பாடம் செய்கிறவள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். குரலைக் கேட்டதும் சின்னப் பிள்ளைகள் முகமெல்லாம் மலர்ந்தது. பஸ் ஸ்டாண்டு அத்தை, பஸ் ஸ்டாண்டு அத்தை என்று கிசுகிசுத்தார்கள். "அன்னைக்குக் கூட்டத்துல ஒரு விஷயம் நடந்தது. அதைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன். அன்னைக்கு நான் சொன்னது..."

அடுத்த வார்த்தை பொய். அது எனக்கு நன்றாகத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்து நின்றது. நானும் முட்டிப் பார்க்கிறேன், நகர மாட்டேன் என்கிறது. எந்த வண்டி எவ்வளவு தாமதமானாலும் திக்காத நாக்கு. ஹெட்மாஸ்டர் கனைத்தார். "அன்னைக்கு நான் சொன்னது..." என்று மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி நின்றேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்தைத்தான் இத்தனை நாடகங்களிலும் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையிலிருந்து வந்தது. கத்தல் இல்லை, குசுகுசுப்பும் இல்லை. தாழ்ந்த குரலில், தெளிவாக.

"உண்மை. மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"உண்மை. மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்றேன் மைக்கில்.

யோசிக்கவேயில்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. காதில் விழுந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி, ரொம்ப நேரம் இடுப்பில் இருந்த குழந்தையைக் கீழே இறக்கி விட்டதுபோல. ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடுங்கினார். "அப்போ ஹால் கிடையாது. உங்க சங்கமும் வேண்டாம், நாடகமும் வேண்டாம்" என்றார். பிடுங்கிய வேகத்தில் பையிலிருந்த சாவி கீழே விழுந்தது, அதை எடுக்கக் குனிந்தவர் மைக் கம்பில் தலையை இடித்துக்கொண்டார். எங்கோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

அவர் நிமிர்ந்து, "யார் சிரிச்சது?" என்றார்.

பாவம், அவருக்கு நாடகம் தெரியாது. நாடகப் பிள்ளைகள் அத்தனை பேரும், முதுகை நிமிர்த்தி, ஒரே குரலில், "யாருமில்லைங்க ஐயா, காத்துங்க" என்றார்கள்.

மைதானம் முழுக்கச் சிரித்தது. மரத்தடியில் ஆடிட்டர்கூட வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் மேடையிலிருந்து இறங்கி நேராக முன்வரிசைக்குப் போனேன். என் மகளின் கோணல் பின்னலை அவிழ்த்து, அத்தனை பேருக்கும் நடுவில் நின்று திருத்திப் பின்னிவிட்டேன். அவள் தலையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே சங்கம் மறுபடி கூடியது, இந்த முறை பேருந்து நிலையத்தில், என் கூண்டுக்கு வெளியே நின்றுகொண்டே. நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஹால் போச்சு, சரி. இப்போ என்ன பண்றது அண்ணி?" ஆடிட்டர் தன் தோல்பையிலிருந்து பதிவுப் பத்திரத்தை எடுத்து அந்த ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். நிற்க இடம் இருக்கும் எந்த இடத்திலும். படித்துவிட்டு அவர் சுற்றுமுற்றும் பார்க்க, நாங்களும் பார்த்தோம். பேருந்து நிலையத்தின் கடைசி நடைமேடை பழுது பார்ப்பதற்காக மூடப்பட்டு, அப்படியே மறக்கப்பட்டது. மேலே கூரை இருக்கிறது, தரை உயரமாக இருக்கிறது, மூன்று பக்கமும் ஆட்கள் நிற்கலாம். நிலைய மேலாளரைப் போய்க் கேட்டேன். "பஸ்தான் வர மாட்டேங்குது, நாடகமாவது வரட்டும்" என்றார். நடைமேடையின் உடைந்த பலகைகளை என் வீட்டுக்காரர் பணிமனை ஆட்களை வைத்து அடித்துக் கொடுத்தார். டிராமா டீச்சரைப் பள்ளி வேலையை விட்டு அனுப்பிய நாளிலேயே சங்கம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதற்கான தாளில் கையெழுத்துப் போடும்போது டீச்சர் அழுதார், எனக்கும் கண் கலங்கிற்று, சலூன்காரர் இரண்டு பேருக்கும் அந்த வெள்ளைத் துண்டையே நீட்டினார்.

ஹெட்மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. பள்ளிச் சீருடையில் எந்தப் பிள்ளையும் அங்கே போகக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், நாத்தனார் தைத்த ராஜா உடையிலும் காவலாளி உடையிலும் தெருவழியாக நடந்து வந்தார்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் எங்களால் செய்திருக்க முடியாது. ஹாலும் மச்சானுக்குப் போகவில்லை. அந்தப் பாதி வாக்கியத்துக்குப் பிறகு அதில் கை வைக்கக் குழுவில் யாருக்கும் தைரியமில்லை. இன்றுவரை பூட்டித்தான் கிடக்கிறது, மேடை உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஒருநாள் அதையும் வாங்காமல் விட மாட்டோம்.

நாடகத்தன்று எனக்கு அறிவிப்புப் பணி. கூண்டிலிருந்து கடைசி நடைமேடை நன்றாகத் தெரியும். வண்டிக்குக் காத்திருந்தவர்கள், வண்டியிலிருந்து இறங்கியவர்கள், வண்டியைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். பள்ளியின் சின்னப் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் சீருடையில் இல்லை. என் மகள் கம்பை ஊன்றிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்று என் கூண்டைப் பார்த்தாள். நான் மைக்கைத் திறந்தேன்.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு. பள்ளிப் பிள்ளைகளின் நாடகம் இன்னும் சற்று நேரத்தில் கடைசி நடைமேடையில் தொடங்கும். அனைவரும் வரலாம். அனுமதி இலவசம். சிரிப்பவர்களுக்கு வரி கிடையாது."

விதிப்படி எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். இரண்டு முறை சொன்னேன். சுவருக்கு மேலே ஹெட்மாஸ்டர் அறையின் ஜன்னல் தெரிந்தது. ஒரு கை வந்து அதைச் சாத்தியது.

ஒலிபெருக்கியின் திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டு, மூன்றாவது முறையும் சொன்னேன்.